கொழுந்தும் கொள்ளைநோயும்: உயிர்க்கலத்துள் ஒரு தூதனின் வரலாறு

தூது தமிழுக்குப் பழகிய துறை. வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பின்வந்த புலவர்கள் நெஞ்சையும் கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தென்றலையும் தூதாக விடுத்துச் சிற்றிலக்கியங்கள் பல செய்தனர். விடுப்பவர் வாயிலுக்கு அப்பால் நிற்க, அவர் சொல் மட்டும் மற்றொருவர் வாயிலாக உள்ளே செல்வதே தூதின் அடிப்படை. இந்த ஏற்பாட்டைப் புலவர் கற்பனை கண்டறிவதற்கு நெடுங்காலம் முன்பே இயற்கை அதனைக் கையாளத் தொடங்கிவிட்டது. நம் உடலின் கலங்களுக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாத சிறு தூதன் ஒருவன் ஒவ்வொரு கணமும் பிறந்து, செய்தி சொல்லி, மறைந்துகொண்டிருக்கிறான். விஞ்ஞானிகள் அவனுக்கு இட்ட பெயர் சக்கர ஏ.எம்.பி.

பெயர் வறட்சியானதுதான். ஆயினும் அவன் கதை நமது மலையகத்துக்கு அந்நியமானதன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கூடை நிறையப் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து இத்தூதனோடு தொடர்புடையது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று புறப்பட்டு வந்த மக்களை வழியிலேயே மாய்த்த வாந்திபேதியும் இத்தூதனோடு தொடர்புடையது. கொழுந்தும் கொள்ளைநோயும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன என்பது கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். அந்தச் சந்திப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துரையின் கட்டளையும் தப்பின் ஓசையும்

தமிழகத்தார் உயிரணு என்றும் நம் நாட்டுப் பாடநூல்கள் கலம் என்றும் வழங்குவது, உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகாகும். அதைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மதில்போல அமைந்துள்ளது. உடலின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கட்டளை கொண்டுசெல்லும் ஓமோன்கள் இரத்தத்தோடு ஓடி வருகின்றன. அவற்றுட் பல இம்மதிலைக் கடக்க மாட்டா. அப்படியானால் வெளியே நிற்கும் கட்டளை உள்ளே எவ்வாறு நிறைவேறுகிறது?

தோட்டத்தின் பழைய நடைமுறையை அறிந்தவர்க்கு இதன் விடை எளிதில் விளங்கும். அக்காலத்தில் துரை பங்களாவில் இருப்பார். லயம் லயமாக வந்து தொழிலாளரை அவர் எழுப்புவதில்லை. விடியுமுன் தப்பு ஒலிக்கும். அவ்வோசை கேட்ட மக்கள் பெரட்டுக்களத்தில் கூடுவர். இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் ஸ்டோருக்கு என்று அங்கே வேலை பிரிக்கப்படும். துரையின் சொல் வேறு, தப்பின் ஓசை வேறு. ஆனால் துரை வாயால் சொல்லாததை மலை முழுவதும் செய்ய வைத்தது அவ்வோசையே.

ஓமோன் முதல் தூது. அது கலத்தின் புறச்சவ்வில் தனக்கென அமைந்த வாங்கியில் வந்து பொருந்துகிறது. அந்தச் செய்தியை ஏற்றுக் கலத்தின் உள்ளே முழங்குவது இரண்டாம் தூதான சக்கர ஏ.எம்.பி. தேயிலை மலையில் சிறுத்தையைக் கண்ட ஒருவர் திடுக்கிட்டு நிற்கிறார் என்று கொள்வோம். கணப்பொழுதில் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அதிரனலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, சுவாசக் குழல்கள் விரிகின்றன, ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுகிறது, ஓடுவதற்கு உடல் ஆயத்தமாகிறது. இத்தனை உறுப்புகளிலும் அதிரனலின் உள்ளே நுழையவில்லை. வாயிலைத் தட்டியது மட்டுமே அதன் வேலை. மற்றவை உள்ளேயிருந்த தூதனால் நடந்தவை.

கொதிக்கவைத்தும் அழியாத பொருள்

இத்தூதனைக் கண்டுபிடித்தவர் ஏர்ள் சதர்லாந்து என்ற அமெரிக்கர். 1915இல் கான்சஸ் மாநிலத்திற் பிறந்த அவர், செயின்ற் லூயிஸ் நகரில் கோரி தம்பதியரின் ஆய்வுகூடத்திற் பயின்று, 1953இல் கிளீவ்லாந்து நகருக்குச் சென்றார். அதிரனலினும் குளுக்ககன் என்ற ஓமோனும் ஈரலை எவ்வாறு சர்க்கரை வெளியிடச் செய்கின்றன என்பதே அவர் எழுப்பிய வினா. ஈரலில் கிளைக்கோசன் என்ற வடிவில் சர்க்கரை சேமிக்கப்பட்டுள்ளது. அதனை உடைக்கும் நொதியம் ஒன்று உண்டு. ஓமோன் வந்ததும் அந்நொதியம் விழித்தெழுகிறது. எழுப்புவது யார்?

அன்று அறிஞர் பலர், கலம் முழுமையாக இருந்தாலன்றி ஓமோன் வேலை செய்யாது என்று நம்பினர். சதர்லாந்தும் அவருடைய தோழர் தியடோர் றோலும் ஈரற் கலங்களை அரைத்துக் குழம்பாக்கி, அக்குழம்பில் ஓமோனைச் சேர்த்தனர். நொதியம் விழித்தது. பின்னர் அக்குழம்பைச் சுழற்றி, சவ்வுத் துணுக்குகளை அடியிற் படியவைத்துத் தெளிவை வேறாக எடுத்தனர். தெளிவில் ஓமோனைச் சேர்த்தபோது ஒன்றும் நிகழவில்லை. அடியிற் படிந்த துணுக்குகளோடு ஓமோனைச் சேர்த்து, அதிலிருந்து கிடைத்த சாற்றைக் கொதிக்கவைத்துத் தெளிவில் விட்டனர். நொதியம் மீண்டும் விழித்தது.

இச்சோதனையின் பொருள் ஆழமானது. கொதிநீரிற் புரதங்கள் பொதுவாக உருக்குலைந்துவிடும். இங்கோ கொதித்த பின்னும் ஆற்றல் இழக்காத ஒரு சிறு பொருள் சவ்வில் உண்டாகி, உள்ளே செய்தி சொல்லுகிறது. அதன் இரசாயன அமைப்பு தெரியவந்த வரலாறும் சுவையானது. செயின்ற் லூயிஸில் டேவிட் லிப்கின் என்ற இரசாயன அறிஞர் வேறொரு வேலையாக இருந்தபோது புதிய பொருள் ஒன்றைப் பெற்று, அதுபற்றி லியோன் ஹெப்பெல் என்பவருக்குக் கடிதம் எழுதினார். சதர்லாந்தும் தாம் கண்ட பொருள் குறித்து அதே ஹெப்பெலுக்கு எழுதினார். இரு கடிதங்களையும் படித்த ஹெப்பெல், இருவரும் ஒரே பொருளையே பேசுகின்றனர் என்று உணர்ந்து அவர்களைத் தொடர்புபடுத்தினார். உடலின் தூதனை இனங்காட்டியவை இரண்டு கடிதத் தூதுகள்!

அப்பொருள் அடினோசின் முப்பொசுபேற்று என்பதிலிருந்து பிறப்பது. ஏ.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அது கலத்தின் ஆற்றற் செலாவணி. சவ்விலுள்ள ஒரு நொதியம் அதன் மூன்று பொசுபேற்றுக்களில் இரண்டை நீக்கி, எஞ்சிய ஒன்றை வளைத்து வளையமாகப் பூட்டுகிறது. வளையம் பூண்டதால் ‘சக்கர’ என்ற அடைமொழி வந்தது. 1958இல் இவ்வமைப்பு உறுதியாயிற்று. 1971இல் சதர்லாந்துக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறு ஒலி பேரொலியாதல்

தூதன் உள்ளே பிறந்த பின் நடப்பது என்ன? 1968இல் எட்வின் கிரெப்ஸ் என்பவரும் அவருடைய தோழரும் இதற்கு விடை கண்டனர். உள்ளே உறங்கிக் கிடக்கும் நொதியம் ஒன்றைச் சக்கர ஏ.எம்.பி. தட்டி எழுப்புகிறது. எழுந்த நொதியம் பிற புரதங்களின்மீது பொசுபேற்று முத்திரையைப் பதிக்கிறது. முத்திரை பெற்ற புரதங்கள் சில விழிக்கின்றன, சில உறங்குகின்றன. விழித்தவை மேலும் பலவற்றை எழுப்புகின்றன.

வாயிலில் வந்த ஓமோன் மூலக்கூறு ஒன்று. உள்ளே பிறக்கும் தூதர் பலர். அவர்களால் எழும் நொதியங்கள் ஒவ்வொன்றும் முத்திரையிடும் புரதங்கள் எண்ணற்றவை. இவ்வாறு படிக்குப் படி செய்தி பெருகுகிறது. இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் வந்த அதிரனலின், பல இலட்சம் மடங்கு மிகுதியான சர்க்கரையை ஈரலிலிருந்து வெளிக்கொணர்வது இதனாலேயே. ஒரு தப்பின் ஓசை பல நூறு பேரை மலையேற்றிய கணக்குத்தான் இதுவும்.

சொல் ஒன்று, பொருள் பல

பெரட்டுக்கு ஒலித்த அதே தப்பு, சாவு வீட்டிலும் ஒலித்தது. காமன் கூத்திலும் ஒலித்தது. கேட்டவர்க்கு அதன் பொருள் மயங்கியதில்லை. கேட்கும் நேரமும் இடமும் அறிந்து அவரவர் பொருள் கொண்டனர். சக்கர ஏ.எம்.பியும் அவ்வாறே. எல்லாக் கலங்களிலும் தூதன் ஒருவனே. ஆனால் ஈரற் கலத்துக்கு அவன் வருகை ‘சர்க்கரையை விடு’ என்று பொருள்படும். இதயத் தசைக்கு ‘விரைவாக அடி’ என்று பொருள்படும். சுவாசக் குழலைச் சூழ்ந்த தசைக்கோ ‘தளர்ந்து வழிவிடு’ என்று பொருள்படும்.

குளவி கொட்டித் தேயிலைத் தொழிலாளர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர் என்ற செய்தி மலையகப் பத்திரிகை வாசகருக்குப் பழக்கமானது. சிலருக்கு அந்நஞ்சு உடல் முழுதும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். சுவாசக் குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிர் ஊசலாடும். அந்நேரத்தில் மருத்துவர் முதலிற் செலுத்துவது அதிரனலின் ஊசி. அவ்வூசி இரத்தக் குழாய்களை வேறொரு வழியால் இறுக்குகிறது. சுவாசக் குழலைத் திறப்பதோ சக்கர ஏ.எம்.பி. வழியாகவே. கூடைக்காரி ஒருத்தியின் மூச்சை மீட்கும் மருந்தும், சிறுத்தையைக் கண்ட அச்சமும் ஒரே தூதனையே பயன்படுத்துகின்றன.

இன்னும் வியப்பானது நீரைப் பற்றியது. உடலில் நீர் குறையும்போது மூளையடியிலிருந்து ஓர் ஓமோன் சிறுநீரகத்துக்கு வருகிறது. அங்கே பிறக்கும் சக்கர ஏ.எம்.பி. ‘நீரை விடாதே, உள்ளே பிடித்துவை’ என்கிறது. சிறுகுடலின் கலங்களிலோ அதே தூதன் ‘உப்பையும் நீரையும் வெளியே விடு’ என்கிறான். உணவு வழுக்கிச் செல்ல ஓரளவு நீர் வேண்டுமாதலால் இதுவும் நல்ல கட்டளையே. ஆனால் அது ஓய வேண்டிய நேரத்தில் ஓய வேண்டும். ஓயாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

கொழுந்தில் உறையும் தடை

செய்தி சொல்வது எத்துணை முக்கியமோ அத்துணை முக்கியம் அதை முடிப்பது. பெரட்டு முடிந்த பின்னும் தப்பு ஓயாது ஒலித்தால் வேலை நடவாது; மக்கள் நிலைகுலைவர். ஆதலால் கலம், தூதனைப் பிறப்பிக்கும் நொதியத்தோடு, அவனை அழிக்கும் நொதியத்தையும் வைத்திருக்கிறது. பொசுபோ இரு எசுத்தர் உடைப்பான் எனலாம் அதனை. சக்கரத்தின் வளையத்தை அது முறித்துவிடுகிறது. வளையம் முறிந்ததும் தூதன் ஊமையாகிறான். பிறப்பும் இறப்பும் ஓயாது நடைபெறுவதால், வெளிக்கட்டளை நின்ற சிறிது நேரத்திலேயே உள்ளே அமைதி திரும்புகிறது.

இந்த உடைப்பானின் கையைப் பிடித்து நிறுத்தும் பொருள்கள் சில தேயிலையில் உள்ளன. ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ற் கொசல் 1888இல் தேயிலையிலிருந்து தியோபிலின் என்ற பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். கபீன் அதற்கு நெருங்கிய உறவு. தேயிலையில் கபீன் மிகுதி. தியோபிலின் மிகச் சிறிதளவே. இவை உடைப்பானைத் தடுக்கின்றன என்பதைச் சதர்லாந்தின் குழுவினரே கண்டனர். உடைப்பான் தடைப்பட்டால் தூதன் மறையாமல் நிற்பான். அவன் விளைவுகளும் நீடிக்கும். ஆய்வாளருக்கு இது பெரிய கருவியாயிற்று. ஓர் ஓமோன் சக்கர ஏ.எம்.பி. வழியாக வேலை செய்கிறதா என்று அறிய, தியோபிலினைச் சேர்த்து விளைவு பெருகுகிறதா என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

அதற்காக, தேநீர் குடித்ததும் நமக்கு உண்டாகும் சுறுசுறுப்பு முழுவதும் இவ்வழியால் வந்ததென்று கொள்ளலாகாது. ஒரு கோப்பையில் உள்ள கபீன் உடைப்பானை வெகுவாகத் தடுக்கப் போதாது. அது மூளையில் உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற பொருளின் வாங்கியை அடைத்துக்கொண்டு உறக்கத்தை விலக்குகிறது. ஆனால் இலையை அரித்துத் தின்னும் புழுவுக்குக் கிடைப்பது ஒரு கோப்பைச் சாயம் அன்று. இலையே அதன் உணவு. தேயிலைத் தூளையும் கபீனையும் புழுக்களுக்கு ஊட்டிப் பார்த்த ஜேம்ஸ் நேதன்சன் என்ற ஆய்வாளர், அவை புழுக்களின் உணவு வேட்கையையும் நடத்தையையும் குலைத்துக் கொல்கின்றன என்றும், உடைப்பானைத் தடுப்பதே அதற்குக் காரணம் என்றும் 1984இல் எழுதினார். முற்றிய இலையைவிட இளங்கொழுந்திலேயே கபீன் மிகுதி. மென்மையானதைக் காப்பதற்குச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நாம் பறித்தெடுப்பது, செடி தன் பகைவரின் தூதனைக் குழப்புவதற்கென்று சேமித்த ஆயுதத்தையே. உலகம் அதனை விலைகொடுத்து வாங்கிப் பருகுகிறது.

வட பாதையில் வீழ்ந்தவர்கள்

இனி, ஓயாத கட்டளையின் கதைக்கு வருவோம். அது தேயிலைக்கும் முற்பட்ட கோப்பிக் காலத்திலேயே தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, ஏழை மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல் நடந்தனர். மாத்தளையிலிருந்து கண்டிக்கும், அதற்கு அப்பாலுள்ள மலைகளுக்கும் மேலும் நடை. வழியில் நல்ல நீர் அரிது. காய்ச்சல், அம்மை, வயிற்றுளைச்சல், பசி ஆகியவற்றோடு வாந்திபேதியும் உடன் நடந்தது. நேற்று இரவு கூட உண்டு உறங்கியவர் இன்று மாலைக்குள் வற்றிச் சுருங்கி மாண்டார். விழுந்தவரை விட்டு மற்றவர் நடக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, நடுகல்லும் இல்லை. எத்தனை பேர் என்பதுபற்றி அன்றே பத்திரிகைகளிலும் அரசாங்கத்திலும் வாதம் நடந்தது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்ததும் நாம் அறிந்தவை. பயிர் மாறியது, நோயச்சம் மாறவில்லை. தோட்டத்துக்கு வரும் மக்களை இந்தியக் கரையிலேயே தடுத்துவைத்துச் சோதிக்க இலங்கை அரசாங்கம் ஏற்பாடு செய்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பின், மண்டபம் முகாம் அதற்குரிய வாயிலாயிற்று. அங்கே சில நாள்கள் மறித்துவைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். மலையக மூத்தோர் நினைவில் மண்டபம் என்ற பெயர் பதிந்திருப்பதற்கு அடிப்படைக் காரணம் வாந்திபேதி பற்றிய அச்சமே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரும் அதே மண்டபத்திற் போய் இறங்கியது வரலாற்றின் வேறொரு கொடுமை.

கல்கத்தா கண்ட உண்மை

வாந்திபேதியின் கிருமியை 1884இல் கல்கத்தாவில் றொபேட் கொக் பிரித்துக் காட்டினார். ஆனால் கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது அதன் பின்னும் 75 ஆண்டுகள் தெளிவாகவில்லை. குடலைக் கிருமி அரித்துவிடுகிறது என்றனர் சிலர். இரத்தத்தில் நஞ்சு பரவுகிறது என்றனர் சிலர். உண்மையைக் கண்டவர் அதே கல்கத்தாவில் வாழ்ந்த சம்பு நாத் டே. சதர்லாந்து பிறந்த 1915ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் அவர். முயலின் குடலில் ஒரு பகுதியை இரு முனையும் கட்டி, கிருமி முற்றிலும் வடிகட்டப்பட்ட நீரை அதனுள் செலுத்தினார். கட்டிய குடல் நீரால் உப்பியது. கிருமி இல்லாமலேயே, கிருமி விட்டுச்சென்ற பொருள் மட்டுமே குடலை நீர் பொழிய வைத்தது. 1959இல் அவர் இதனை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். எளிய கருவிகளோடு செய்யப்பட்ட இப்பேராய்வுக்கு அவர் வாழ்நாளில் தம் நாட்டில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. நோபல் பெற்ற அறிஞர் ஜோஷுவா லெடர்பேர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார், பரிசு வரவில்லை. 1985இல் டே காலமானார்.

அந்நஞ்சு குடற் கலத்தில் என்ன செய்கிறது என்ற அடுத்த வினாவுக்கு விடை தருவதில் தேயிலையில் முதலிற் கண்ட பொருள் உதவிற்று. 1968இல் மைக்கேல் ஃபீல்டும் அவருடைய தோழரும் முயற்குடலின் சவ்வின்மீது தியோபிலினையும் சக்கர ஏ.எம்.பியையும் தனித்தனியே சேர்த்துப் பார்த்தனர். குடல் உப்பை வெளியே விடத் தொடங்கியது. வாந்திபேதி நஞ்சு விளைப்பதும் இதையே. ஆகவே நஞ்சும் சக்கர ஏ.எம்.பி. வழியாகவே வேலை செய்கிறது என்பது துலங்கலாயிற்று. கொழுந்தும் கொள்ளைநோயும் சந்திக்கும் இடம் இதுதான்.

1970களின் இறுதிக்குள் நஞ்சின் சூழ்ச்சி முழுவதும் வெளிப்பட்டது. வாயிலில் உள்ள வாங்கிக்கும் தூதனைப் பிறப்பிக்கும் நொதியத்துக்கும் இடையே ஜீ புரதம் என்ற இடையாள் ஒருவன் உண்டு. இவனை ஆராய்ந்த மார்ட்டின் றொட்பெல், அல்பிரட் கில்மன் இருவரும் 1994இல் நோபல் பரிசு பெற்றனர். வாங்கியில் ஓமோன் பொருந்தியதும் இவன் நொதியத்தை முடுக்குவான். சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடுவான். அடங்குவதற்கான ஆற்றல் அவன் உடலிலேயே அமைந்துள்ளது. வாந்திபேதி நஞ்சு கலத்தினுள் புகுந்து அவன்மீது ஓர் இரசாயனத் துண்டை ஒட்டிவிடுகிறது. அதன்பின் அவனால் அடங்க இயலாது. துரையின் கட்டளை இல்லை, பெரட்டு இல்லை, ஆயினும் தப்பு ஓயாது அறைகிறது. கலத்துள் சக்கர ஏ.எம்.பி. பெருகிக்கொண்டே போகிறது. குளோரைட்டு வாயில்கள் திறந்தபடி நிற்கின்றன. உப்பு வெளியேற, அதன் பின்னே நீரும் வெளியேறுகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லீற்றர் அளவு நீர்கூடப் போய்விடும். மருத்துவம் இன்றேல், கடுமையாகப் பீடிக்கப்பட்டவரிற் பாதிப்பேர் வரை இறப்பர்.

வன்னிக் காட்டில் வற்றி வீழ்ந்தவர் உடலில் நடந்தது இதுவே. குடல் அழுகிப்போகவில்லை, அரிக்கப்படவுமில்லை. ஒவ்வொரு கலமும் உயிரோடு, தனக்கு இடப்பட்டதென்று எண்ணிய கட்டளையைப் பழுதின்றி நிறைவேற்றிக்கொண்டிருந்தது. கட்டளை பொய்யானது என்பதை அதனால் அறிய முடியவில்லை.

திறந்திருந்த இன்னொரு கதவு

நஞ்சு ஒட்டிய இடையாளை விடுவிக்கும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. ஆனால் அவனைத் தொடாமலேயே உயிரைக் காக்கலாம் என்பதை அறிவியல் கண்டது. 1960இல் றொபேட் கிரேன் என்ற அறிஞர், சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து ஒரே வாயிலால் உள்ளே செல்கின்றன என்று விளக்கினார். சர்க்கரை இன்றி உப்பை மட்டும் கொடுத்தால் நோயுற்ற குடல் அதை ஏற்காது. இரண்டையும் தக்க அளவிற் சேர்த்துக் கொடுத்தால் ஏற்கும். நீரும் அவற்றைத் தொடர்ந்து உள்ளே செல்லும். வாந்திபேதியின் நஞ்சு எத்தனை கதவுகளைக் கெடுத்தாலும் இந்தக் கதவைக் கெடுப்பதில்லை! 1968இல் டாக்காவில் ஆய்வாளர்கள் இதனை நோயாளரிடம் மெய்ப்பித்தனர்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்து பங்காவ்ன் நகரில் நிறைந்தபோது வாந்திபேதி மூண்டது. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்தது. அங்கே பணியாற்றிய திலீப் மகலநாபிஸ் என்ற வங்க மருத்துவர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று கரைத்து, நோயாளரின் உறவினர் கையாலேயே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, அவர் பொறுப்பிலிருந்த முகாமில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே தாழ்ந்தது. 1978இல் ‘லான்செற்’ மருத்துவ இதழ், அந்நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களுள் தலையாயதாக இது அமையக்கூடும் என்று எழுதியது. இலங்கையில் ‘ஜீவனி’ என்ற பெயரில் தாய்மார் அறிந்திருக்கும் பொடி இதன் வழிவந்ததே. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குக் கொதித்தாறிய நீரில் அதைக் கரைத்துக் கொடுக்கும் தாய், கலத்தின் பழுதுபடாத கதவை அறிந்தே தட்டுகிறாள்.

உப்பும் சர்க்கரையும் வட பாதையில் நடந்த காலத்திலும் இருந்தன. நீரும், அரிதாயினும், இருந்தது. இல்லாதது அறிவு மட்டுமே. இந்த அளவில், இந்த முறையில் கலந்து கொடுத்தால் மகன் பிழைப்பான், மனைவி பிழைப்பாள் என்று சொல்ல உலகில் அன்று ஒருவரும் இல்லை. ஊழ் என்று சொல்லி அழுதுவிட்டு மக்கள் நடந்தனர். அறியாமைக்கு அவர்கள் கொடுத்த விலையை நினைக்கும்போது, கலத்தின் நுட்பங்களைப் பற்றிய கல்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பது விளங்கும். முயலின் குடலைக் கட்டி டே நோக்கியபோதும், ஈரற் குழம்பைக் கொதிக்கவைத்துச் சதர்லாந்து காத்திருந்தபோதும், அவர்கள் தேடியது யாரோ ஒரு பிள்ளையின் உயிர் என்று அப்பொழுது யாருக்குத் தெரியும்?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சக்கர ஏ.எம்.பி. பற்றிய பாடம் உயர்வகுப்பு நூல்களில் அம்புக்குறிகளும் சுருக்கெழுத்துகளுமாக அச்சிடப்பட்டுள்ளது. மாணவர் அதனை மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். மலையகத்து மாணவருக்கு அப்பாடத்தை வேறு விதமாகத் தொடங்கலாம். அவர்கள் தாயின் கூடையிலுள்ள கொழுந்திலிருந்து தொடங்கலாம். பாட்டன் நடந்துவந்த பாதையிலிருந்து தொடங்கலாம். தூதன் ஏன் பிறக்கிறான் என்று கேட்ட பின், அவன் ஏன் மறைய வேண்டும் என்றும் கேட்கச் செய்யலாம். அவ்வாறு கேட்டுக் கற்ற மாணவி ஒருத்தி நாளை ஆய்வுகூடத்திலோ மருத்துவமனையிலோ நிற்பாளானால், நஞ்சு ஒட்டிய அந்த இடையாளை விடுவிக்கும் மருந்தைத் தேடும் பணி அவளுக்காகக் காத்திருக்கிறது.